பிழையான விடுபட்ட மதிப்பு வரையறைகளைப் புள்ளியியல் மென்பொருள் எப்படிக் கையாள்கிறது: சோதிப்போருக்கு ஒரு வழிகாட்டி

கணக்கெடுப்பு ஒன்றில் வயதைச் சொல்ல மறுத்தவருக்கு 99 என்ற குறியீட்டைப் பதிவது பழைய வழக்கம். பதிகிறவருக்கு அது 'பதில் இல்லை' என்று பொருள்படும். மென்பொருளுக்கோ அது தொண்ணூற்றொன்பது வயதான ஒருவரைத்தான் குறிக்கும். அந்த எண்ணை விடுபட்ட மதிப்பு என்று நாம் வரையறுத்த பிறகுதான் மென்பொருள் அதைக் கணக்கிலிருந்து விலக்கத் தொடங்குகிறது. 23, 31, 45, 27, 34 என்ற ஐந்து வயதுகளின் சராசரி 32. அவற்றோடு விலக்கப்படாத ஒரு 99 சேர்ந்துவிட்டால் சராசரி 43.17 ஆகிவிடுகிறது. ஒரே ஒரு பதிவு பதினோரு ஆண்டுகளைக் கூட்டிவிட்டது என்பதை அட்டவணையைப் பார்க்கும் எவராலும் கண்டுபிடிக்க முடியாது, ஏனெனில் 43 என்பதும் நம்பத்தகுந்த சராசரியாகவே தோன்றும்.

அந்த வரையறையே பிழையாக எழுதப்பட்டால் என்ன நடக்கும் என்பதைச் சோதிக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளை நம்பலாமா என்று அறிய விரும்புவோருக்கும், கட்டற்ற புள்ளியியல் மென்பொருள்களுக்குச் சோதனைகள் எழுதிப் பங்களிக்க விரும்புவோருக்கும் இது பயன்படும். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கட்டளைகளைத் தட்டச்சு செய்து வெளியீட்டைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். புதிதாகச் சோதிக்க வருவோர் பெரும்பாலும் பிழைச் செய்தி வந்ததா, இல்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போய்விடுகிறார்கள். அது பாதிச் சோதனைதான். செய்தி வந்த பிறகு மென்பொருளின் அகராதியில், அதாவது மாறிகளின் வரையறைகளை அது வைத்திருக்கும் பட்டியலில், எந்த வரையறை நிற்கிறது, அதற்கடுத்து ஓடும் கணக்கு எந்த எண்களை எடுத்துக்கொள்கிறது என்பதுதான் மீதிப் பாதி. ஆய்வாளரின் முடிவைக் கெடுக்கும் வழுக்கள், அதாவது மென்பொருளில் உள்ள குறைகள், பெரும்பாலும் இந்த இரண்டாம் பாதியில்தான் ஒளிந்திருக்கின்றன.

முதற்படி: விதியை எழுதிக்கொள்ளுதல்

எது பிழை என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும் என்பதால், சோதிக்கப்போகும் மென்பொருளின் கையேட்டைத் திறந்து, அது எவற்றை ஏற்பதாகச் சொல்கிறது என்பதை உங்கள் சொற்களில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள், அதன் கட்டளை மொழியைப் பின்பற்றும் கட்டற்ற மென்பொருளான க்னூ பிஎஸ்பிபி ஆகிய இரண்டிலும் இப்பணியைச் செய்வது 'மிஸ்ஸிங் வேல்யூஸ்' என்ற கட்டளை. அதன் விதிகள் தெளிவானவை என்பதால் கற்றுக்கொள்ள இவ்விரண்டும் ஏற்றவை. இக்கட்டுரையின் பெரும்பகுதி அவற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

எண் மாறி ஒன்றுக்கு, அதாவது வயது போல எண்களைக் கொண்ட நெடுவரிசைக்கு, தனித்தனி மதிப்புகளாக அதிகபட்சம் மூன்றைக் கொடுக்கலாம். அல்லது 95 முதல் 99 வரை என்பது போன்ற ஒரு வீச்சைக் கொடுக்கலாம். அல்லது ஒரு வீச்சோடு ஒரு தனி மதிப்பைச் சேர்த்துக் கொடுக்கலாம். வீச்சின் இரு முனைகளையும் 'த்ரூ' என்ற சொல் இணைக்கிறது. முனைகளில் ஒன்றாக 'லோயஸ்ட்' (மிகக் குறைந்தது) அல்லது 'ஹையஸ்ட்' (மிக உயர்ந்தது) என்று எழுதலாம். எழுத்துகளைக் கொண்ட எழுத்துச்சர மாறிகளுக்கு வீச்சு கிடையாது. மேலும் அவற்றின் விடுபட்ட மதிப்பு 8 பைட்டுகளை மீறக் கூடாது. வெற்று அடைப்புக்குறி கொடுத்தால் முந்தைய வரையறை நீங்கிவிடும். ஒரே மாறிக்குப் புதிய வரையறை வந்தால் பழையது மறைந்து புதியது மட்டும் நிற்கும்.

இவ்விதிகள் ஒவ்வொன்றையும் எதிர்மறையாகத் திருப்பினால் ஒரு சோதனை பிறக்கிறது. மூன்று வரை என்றால் நான்கு கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு வீச்சு என்றால் இரண்டு கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு பிழையான வரையறைக்கும் பக்கத்திலேயே அதை ஒட்டிய சரியான வரையறை ஒன்றையும் வைத்துச் சோதிப்பது இன்றியமையாதது. நான்கு மதிப்புகளை மறுக்கும் மென்பொருள் மூன்றையும் சேர்த்து மறுத்துக்கொண்டிருந்தால், பிழைச் சோதனை மட்டும் எழுதியவருக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும்.

இரண்டாம் படி: தன் கதையைத் தானே சொல்லும் தரவு

சோதனைத் தரவைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஒன்பது வரிசைகள் போதும், ஆனால் அவற்றைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்னர் சொன்ன ஐந்து வயதுகளோடு 95, 97, 98, 99 என்ற நான்கு குறியீடுகளைச் சேர்த்து 'வயது' என்ற எண் மாறியை உருவாக்குங்கள். ஒன்பதின் கூட்டுத்தொகை 549. எதுவும் விலக்கப்படாவிட்டால் சராசரி 61. எந்தக் குறியீடுகள் விலக்கப்பட்டன என்பதைப் பொறுத்து எஞ்சும் எண்ணிக்கையும் சராசரியும் மாறுகின்றன. 99 மட்டும் விலகினால் 8 பதிவுகளும் 56.25 என்ற சராசரியும் எஞ்சும். 95 மட்டும் விலகினால் சராசரி 56.75. 95, 97, 98 ஆகிய மூன்றும் விலகினால் 6 பதிவுகள், 43.17. 97, 98, 99 விலகினால் அதே 6 பதிவுகள், ஆனால் 42.5. நான்கும் விலகினால் 5 பதிவுகள், 32.

இவ்வாறு அமைத்ததன் பயன் என்னவென்றால், சராசரியையும் எண்ணிக்கையையும் பார்த்தவுடனேயே எந்தெந்தக் குறியீடுகள் விடுபட்டவையாகக் கருதப்பட்டன என்று சொல்லிவிடலாம். 95க்குப் பதிலாக 96ஐ எடுத்திருந்தால் இது கைகூடாது; 96, 99 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 97, 98 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் 195 என்று ஒன்றாகிவிடுவதால், எந்த இணை விலகியது என்பதைச் சராசரியிலிருந்து பிரித்தறிய முடியாது. சோதனைத் தரவில் இப்படிப்பட்ட தற்செயல் ஒற்றுமைகள் இல்லாதபடி பார்த்துக்கொள்வது, பின்னால் பல மணி நேரக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

அத்தரவிலேயே 'விடை' என்ற பெயரில் 10 பைட்டு அகலமுள்ள எழுத்துச்சர மாறி ஒன்றையும், 'குறி' என்ற பெயரில் 2 பைட்டு அகலமுள்ள இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு வேறு எதுவும் தேவையில்லை.

மூன்றாம் படி: நான்கு மதிப்புகள் கொடுத்துப் பார்த்தல்

இச்சோதனையை விரிவாகச் சொல்கிறேன். பின்வரும் எல்லாச் சோதனைகளும் இதே ஒழுங்கில் செல்லும்.

முதலில் வயது மாறிக்கு 99 என்ற ஒரே மதிப்பை விடுபட்டதாக வரையறுத்து, சராசரி 56.25 வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இது பலருக்குத் தேவையற்ற வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு வரையறை இருந்தால்தான், பிழையான கட்டளை அதை அழித்ததா, விட்டுவைத்ததா என்பது தெரியவரும். வரையறை ஏதும் இல்லாத புதிய மாறியின் மீது பிழையான கட்டளையை ஓட்டினால் அந்த வேறுபாடு புலப்படாமலேயே போய்விடும்.

அடுத்து, அதே மாறிக்கு 95, 97, 98, 99 என்று நான்கு மதிப்புகளைக் கொடுத்துக் கட்டளையை ஓட்டுங்கள். பிழைச் செய்தி வர வேண்டும். அச்செய்தி எந்த வரியில், எந்தக் கட்டளையில், எந்த மாறியில் தவறு என்று சொல்கிறதா, விதி என்ன என்பதையும் சொல்கிறதா என்று பாருங்கள். 'தொடரியல் பிழை' என்று மட்டும் சொல்லும் செய்தியைவிட, 'அதிகபட்சம் மூன்று தனி மதிப்புகள்தான் அனுமதி' என்று சொல்லும் செய்தி பன்மடங்கு மேலானது. இருநூறு மாறிகளுக்கு ஒரே நேரத்தில் வரையறை எழுதுகிறவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு உழைப்பை மிச்சப்படுத்தும் என்பதைச் சோதிப்பவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிறகு, வேறெதையும் மாற்றாமல் மீண்டும் சராசரியைக் கேளுங்கள். 56.25 வந்தால் பிழையான கட்டளை எதையும் தொடவில்லை, பழைய வரையறை அப்படியே இருக்கிறது. பயனர் எதிர்பார்க்கும் நடத்தை இதுதான். 61 வந்தால் பழைய வரையறை அழிக்கப்பட்டு, புதியது ஏற்கப்படவில்லை என்று பொருள். நிரலில் 'முதலில் துடைத்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்' என்று எழுதப்பட்டிருந்தால் இவ்வழு எளிதாக நுழைந்துவிடும். 43.17 வந்தால் முதல் மூன்று மதிப்புகள் ஏற்கப்பட்டு நான்காவது கைவிடப்பட்டிருக்கிறது. பிழைச் செய்தி வந்தும் பாதி வரையறை உள்ளே புகுந்துவிட்டது. 42.5 வந்தால் கடைசி மூன்று மட்டும் நின்றிருக்கின்றன. 32 வந்தால் நான்கும் ஏற்கப்பட்டிருக்கின்றன.

இவற்றுள் 32ஐப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். பயனர் விரும்பிய விடை அதுவாகவே இருக்கலாம். ஆனால் அந்த மென்பொருள் கோப்பைச் சேமிக்கும் வடிவம் மூன்று மதிப்புகளுக்கு மட்டுமே இடமளிப்பதாக இருந்தால், சேமித்துத் திறக்கும்போது நான்காவது மதிப்பு தொலைந்துபோகும். எனவே 32 வருமானால் கோப்பைச் சேமித்து, மூடி, மீண்டும் திறந்து, அதே சராசரி வருகிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

சராசரியோடு நிறுத்தாமல் 'டிஸ்ப்ளே டிக்‌ஷனரி' கட்டளையை ஓட்டி, வயது மாறியின் வரையறையாக என்ன காட்டப்படுகிறது என்றும் பாருங்கள். கணக்கும் அகராதியும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அது தனியான, பெரிய வழு.

நான்காம் படி: வீச்சுகள்

வீச்சுகளில் பிழை செய்ய எத்தனையோ வழிகள் உண்டு. கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ளதும் இங்கேதான். தலைகீழான வீச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். 95 முதல் 99 வரை என்று எழுத வேண்டியவர் 99 த்ரூ 95 என்று எழுதிவிட்டார். மென்பொருள் மூன்று விதமாக நடந்துகொள்ளலாம். ஒன்று, மறுத்துவிடலாம். இரண்டு, எச்சரித்துவிட்டு முனைகளைத் தானே இடம் மாற்றிக்கொள்ளலாம். மூன்று, எழுதியபடியே ஏற்கலாம். அப்போது 99க்கு மேலாகவும் 95க்குக் கீழாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் எண் எதுவும் இல்லாததால் எந்தப் பதிவும் விலகாது.

பிஎஸ்பிபி இரண்டாம் வழியைப் பின்பற்றுகிறது: மேல் முனை கீழ் முனையைவிடச் சிறியதாக இருக்கிறது என்று எச்சரித்துவிட்டு, திருப்பிப் போட்டதாகவே கொள்கிறது. ஆர் மொழியில் எஸ்பிஎஸ்எஸ் கோப்புகளைக் கையாளும் 'ஹேவன்' தொகுப்பு முதல் வழியைப் பின்பற்றுகிறது; வீச்சு ஏறுவரிசையில் இல்லாவிட்டால் அது பிழை எழுப்பி நின்றுவிடும். இரண்டும் நியாயமானவையே. என் பார்வையில் ஹேவனின் கண்டிப்பு மேலானது, ஏனெனில் தலைகீழான வீச்சு முனைகளை மாற்றி எழுதியதால் மட்டும் வருவதில்லை. 9 என்று எழுத வேண்டிய இடத்தில் 99 என்று கூடுதலாக ஓர் இலக்கம் விழுந்தும் வரலாம். அப்போது முனைகளை இடம் மாற்றுவது தவறைத் திருத்துவதற்குப் பதிலாக அதை மறைத்துவிடும். மூன்றாம் வழி, அதாவது செய்தி ஏதுமின்றி ஏற்றுக்கொள்வது, எந்த நிலையிலும் வழுவாகவே கருதப்பட வேண்டும்.

இச்சோதனையில் சராசரி மட்டும் போதாது என்பதைக் கவனியுங்கள். தலைகீழ் வீச்சு அப்படியே ஏற்கப்பட்டாலும் சராசரி 61. பழைய வரையறை அழிக்கப்பட்டுப் புதியது மறுக்கப்பட்டாலும் சராசரி 61. இவ்விரண்டையும் பிரித்தறிய அகராதியைத்தான் பார்க்க வேண்டும்.

இரு முனைகளும் ஒன்றாக இருக்கும் வீச்சு, எடுத்துக்காட்டாக 99 த்ரூ 99, அடுத்த சோதனை. இதை ஒரு தனி மதிப்பாகக் கொள்வது ஒரு வழி. ஹேவன் இதையும் ஏறுவரிசையில் இல்லை என்று சொல்லி மறுத்துவிடும். எந்த வழியானாலும் அது கையேட்டோடு பொருந்துகிறதா என்பதே கேள்வி. பிறகு ஒரு வீச்சோடு இரண்டு தனி மதிப்புகள், இரண்டு வீச்சுகள், முடிவு முனை இல்லாத வீச்சு, தொடக்க முனை இல்லாத வீச்சு, மூடப்படாத அடைப்புக்குறி ஆகியவற்றை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முன் 99 என்ற சரியான வரையறையை மீண்டும் நிறுவிக்கொள்ள மறக்க வேண்டாம். மூடப்படாத அடைப்புக்குறியில் மட்டும் கூடுதல் கவனம் தேவை: அது அடுத்து வரும் கட்டளையையும் சேர்த்து விழுங்கிவிடக்கூடும் என்பதால், அதற்குப் பின் வரும் கட்டளை உண்மையிலேயே ஓடியதா என்று பார்க்க வேண்டும்.

'லோயஸ்ட்' பற்றி ஒரு நுணுக்கம் உண்டு. இக்குடும்ப மென்பொருள்களில், மதிப்பே பதியப்படாத இடத்தில் மென்பொருள் தானே இடும் விடுபட்ட மதிப்பு ஒன்று உண்டு. இரட்டைத் துல்லிய எண்ணாக, அதாவது 8 பைட்டு எண்ணாக, எழுதக்கூடியவற்றுள் மிகச் சிறிய எதிர்ம எண்ணே அதற்கெனக் கோப்பில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 'லோயஸ்ட்' என்பது அதற்கு அடுத்த எண். ஆகவே லோயஸ்ட் முதல் 0 வரை என்று வரையறுத்தாலும், மென்பொருள் இட்ட விடுபட்ட மதிப்பும் பயனர் வரையறுத்த விடுபட்ட மதிப்பும் வேறு வேறாகவே எண்ணப்பட வேண்டும். வெற்றிடம் ஒன்றையும் எதிர்ம எண் ஒன்றையும் தரவில் சேர்த்து, ஒவ்வொரு மதிப்பும் எத்தனை முறை வருகிறது என்று காட்டும் அலைவெண் அட்டவணையில் இரண்டும் தனித்தனி வரிகளாக வருகின்றனவா என்று பார்ப்பது எளிய சோதனை.

ஐந்தாம் படி: எழுத்துச்சரங்களும் பைட்டுகளும்

எழுத்துச்சரத்துக்கு வீச்சு கொடுப்பது, எண் மாறிக்கு மேற்கோள் குறிக்குள் '99' என்று கொடுப்பது, எழுத்துச்சர மாறிக்கு மேற்கோள் இல்லாமல் 99 என்று கொடுப்பது ஆகிய மூன்றும் விரைவாக முடியும் சோதனைகள். மூன்றும் மறுக்கப்பட வேண்டும்.

நீளம் பற்றிய சோதனைகள் இன்னும் வளமானவை. விடை என்ற மாறிக்கு '12345678' என்ற எட்டு இலக்கச் சரத்தை விடுபட்டதாகக் கொடுங்கள், ஏற்கப்பட வேண்டும். '123456789' என்று ஒன்பது இலக்கம் கொடுங்கள். மாறியின் அகலம் 10 என்றாலும் மறுக்கப்பட வேண்டும். எட்டு இலக்கத்துக்குப் பின் இரண்டு வெற்றிடங்கள் விட்டுக் கொடுத்துப் பாருங்கள். எட்டாம் பைட்டுக்குப் பின் வருபவை வெற்றிடங்களாக இருந்தால் ஏற்பதாக பிஎஸ்பிபியின் கையேடு சொல்கிறது. குறி என்ற இரண்டு பைட்டு மாறிக்கு '123' கொடுத்தால் மாறியின் அகலத்தை மீறுவதால் மறுக்கப்பட வேண்டும்.

தமிழில் தரவு பதிகிறவர்கள் இன்னொன்றையும் சோதித்தே ஆக வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும், அதாவது கணினி தனியே எண்ணும் ஒவ்வொரு குறிக்கும், 3 பைட்டுகள் ஆகின்றன. 'ஆம்' என்ற சொல் கண்ணுக்கு இரண்டு எழுத்து; ஆ, ம, புள்ளி என்று கணினிக்கு மூன்று குறியீட்டுப் புள்ளிகள்; ஆகவே 9 பைட்டுகள். 'இல்லை' என்பது 15 பைட்டுகள். எட்டு பைட்டு என்ற வரம்பை 'ஆம்' என்ற சிறு சொல்லே மீறிவிடுகிறது. அகலமான ஒரு மாறிக்கு 'ஆம்' என்பதை விடுபட்ட மதிப்பாகக் கொடுத்து, மென்பொருள் தெளிவாக மறுக்கிறதா, அல்லது எட்டாம் பைட்டோடு வெட்டி, புள்ளியின் பாதி பைட்டுகளைத் தொங்கவிட்டு ஏற்றுக்கொள்கிறதா என்று பாருங்கள். வெட்டப்பட்டிருந்தால் அகராதியில் 'ஆம' என்பதற்குப் பின் சிதைந்த குறி ஒன்று தோன்றக்கூடும். அதைவிட முக்கியமாக, தரவில் உள்ள 'ஆம்' எதனோடும் அந்த வெட்டப்பட்ட மதிப்பு பொருந்தாது, ஆகவே எந்தப் பதிவும் விலகாது. பிழைச் செய்தி 'எழுத்துகள்' என்று சொல்கிறதா, 'பைட்டுகள்' என்று சொல்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டே எழுத்தைக் கொடுத்தவரிடம் எட்டு எழுத்துக்கு மேல் கூடாது என்று சொன்னால் அவருக்கு எதுவும் விளங்காது.

ஆறாம் படி: பல மாறிகள், பாதி நிறைவேறிய கட்டளைகள்

ஒரே கட்டளையில் பல மாறிகளுக்கு வரையறை எழுத இம்மொழி அனுமதிக்கிறது. முதல் பகுதியில் ஓர் எண் மாறிக்குச் சரியான வரையறையும், இரண்டாம் பகுதியில் இன்னோர் எண் மாறிக்கு நான்கு மதிப்புகள் கொண்ட பிழையான வரையறையும் எழுதி ஓட்டுங்கள். பிழைச் செய்திக்குப் பிறகு முதல் மாறியின் வரையறை மாறியிருக்கிறதா? கட்டளை முழுவதுமாக நிறைவேற வேண்டும் அல்லது முழுவதுமாகக் கைவிடப்பட வேண்டும் என்று சிலர் கருதுவார்கள். வரிசையாகப் படித்து முடிந்தவரை நிறைவேற்றுவது போதும் என்று சிலர் கருதுவார்கள். எது நடக்கிறது என்பதை அறிந்து ஆவணப்படுத்துவதே சோதிப்பவரின் வேலை. எண் மாறியையும் எழுத்துச்சர மாறியையும் ஒரே பட்டியலில் கலந்து கொடுப்பதும், இல்லாத மாறியின் பெயரைக் கொடுப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை.

அடுத்து, கட்டளைக் கோப்பைத் திரையில் இல்லாமல் தொகுதி முறையில், அதாவது எல்லாக் கட்டளைகளும் தானாக அடுத்தடுத்து ஓடும்படி, ஓட்டுங்கள். வரையறை பிழையான பின்னும் அதற்கடுத்த சராசரிக் கட்டளை ஓடி, அட்டவணை அச்சாகிறதா? ஆகிறது என்றால், பிழைச் செய்தி பதிவுக் கோப்பில் எங்கோ ஒரு மூலையில் இருக்க, 61 என்ற சராசரி அறிக்கைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். எனவே நிரல் முடிந்தபின் இயங்குதளத்துக்குத் திரும்பும் நிலை எண் பூஜ்யமாக (பிழையின்றி முடிந்தது என்று பொருள்) இருக்கிறதா, இல்லையா என்று பார்க்க வேண்டும். பிழை நேர்ந்தபோது அது பூஜ்யமாகத் திரும்பினால், இரவில் தானாக ஓடும் பணிகளில் இப்பிழையை ஒருவரும் காண மாட்டார்கள்.

ஏழாம் படி: கோப்பின் வழியாக வரும் பிழை

இதுவரை பயனர் தட்டச்சு செய்யும் பிழைகளைப் பார்த்தோம். வேறு நிரல் எழுதிய, அல்லது வழியில் சிதைந்த கோப்பிலும் பிழையான வரையறை இருக்கலாம். எஸ்பிஎஸ்எஸ்ஸின் தரவுக் கோப்பு வடிவத்தில் தலைப்புப் பகுதி 176 பைட்டுகள் கொண்டது. அதையடுத்து மாறிகளின் பதிவுகள் தொடங்குகின்றன. ஒவ்வொரு மாறிப் பதிவிலும் நான்கு பைட்டு அளவுள்ள முழு எண்கள் வரிசையாக வருகின்றன. அவற்றுள் நான்காவது, விடுபட்ட மதிப்புகளின் எண்ணிக்கையைக் குறிப்பது. ஆகவே முதல் மாறிக்கு அது, பூஜ்யத்திலிருந்து எண்ணினால், 188ஆம் பைட்டில் தொடங்குகிறது. அங்கே 0 முதல் 3 வரை இருந்தால் அத்தனை தனி மதிப்புகள். -2 இருந்தால் ஒரு வீச்சு. -3 இருந்தால் ஒரு வீச்சும் ஒரு தனி மதிப்பும். எழுத்துச்சர மாறிக்கு எதிர்ம எண்கள் செல்லாது.

வயது முதல் மாறியாக இருக்கும்படி, 99 மட்டும் விடுபட்ட மதிப்பாக உள்ள கோப்பு ஒன்றைச் சேமித்து, அதன் நகலை, பைட்டுகளை நேரடியாகத் திருத்த உதவும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, அந்த 1ஐ 4 ஆக்குங்கள். மென்பொருள் அதை நம்பி நான்கு மதிப்புகளைப் படிக்க முயன்றால், ஒவ்வொன்றும் 8 பைட்டு என்பதால், அடுத்த மாறியின் பதிவிலிருந்து 24 பைட்டுகளை விடுபட்ட மதிப்புகளாக விழுங்கிவிடும். அதன்பின் படிப்பதெல்லாம் இடம் பிறழும். நல்ல மென்பொருள் எண்ணிக்கையைப் பார்த்தவுடனேயே இக்கோப்பு சிதைந்தது என்று சொல்லி நிறுத்தும். பிஎஸ்பிபி, எண் மாறிகளுக்கு -3, -2, 0, 1, 2, 3 தவிர வேறெதையும் ஏற்பதில்லை. இதே முறையில் -1 எழுதியும், எழுத்துச்சர மாறிக்கு -2 எழுதியும், வீச்சின் முனைகளைக் கோப்பிலேயே தலைகீழாக்கியும் பார்க்கலாம். கட்டளை வழியே தலைகீழ் வீச்சைத் தடுக்கும் மென்பொருள் கோப்பு வழியே வரும் அதே வீச்சை உள்ளே விடுவதற்கு வாய்ப்பு அதிகம், ஏனெனில் இரண்டையும் படிப்பவை பொதுவாக நிரலின் வேறு வேறு பகுதிகள்.

பிற மென்பொருள்களில் கவனிக்க வேண்டியவை

ஸ்டேட்டாவில் விடுபட்ட மதிப்புகள் மொத்தம் 27: வெறும் புள்ளி ஒன்று, புள்ளியோடு ஓர் ஆங்கில எழுத்து சேர்ந்த 26. இவை எல்லா எண்களையும்விடப் பெரியவையாகக் கருதப்படுகின்றன. எஸ்ஏஎஸ்ஸில் அடிக்கோடு சேர்ந்ததையும் கூட்டினால் 28 உண்டு. அவை எல்லா எண்களையும்விடச் சிறியவை. ஆகவே 'வயது 60க்கு மேல்' என்ற நிபந்தனை ஸ்டேட்டாவில் விடுபட்டவர்களையும் சேர்த்து எண்ணும்; 'வயது 20க்குக் கீழ்' என்ற நிபந்தனை எஸ்ஏஎஸ்ஸில் அதையே செய்யும். வரையறை சரியாக ஏற்கப்பட்டதா என்பதை நிபந்தனை வடிகட்டியால் சோதிக்கிறவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். ஸ்டேட்டாவில் எண்ணை விடுபட்டதாக மாற்றும் 'எம்வி டிகோட்' கட்டளை எழுத்துச்சர மாறிகளைத் தவிர்த்துச் செல்கிறது. எதிர்த் திசையில் மாற்றும் 'எம்வி என்கோட்', தரவில் ஏற்கெனவே உள்ள எண்ணைக் கொடுத்தால், தனியாக அனுமதி தராதவரை மறுத்துவிடுகிறது. பின்னது பின்பற்றத்தக்க பாதுகாப்பு. அதை ஒரு சோதனையாக எழுதி வைப்பது நல்லது.

ஆர் மொழியில் ஹேவன் வழியாக வரையறுத்த மதிப்புகளைப் பொறுத்தவரை, 'இஸ் என்ஏ' என்று கேட்டால் ஆம் என்ற விடை வந்தாலும், சராசரி கணக்கிடும் செயற்கூறு அடியிலுள்ள 99ஐயே எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே அங்கும் வரையறையைக் கேட்பதோடு நிறுத்தாமல் கணக்கையும் ஓட்டிப் பாருங்கள்.

பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் கோப்பைப் படிக்கும்போதே விடுபட்ட மதிப்புகளின் பட்டியலைக் கொடுக்கலாம். ஆனால் அது தனக்கென ஒரு பட்டியலையும் வைத்திருக்கிறது. நமீபியா நாட்டின் ஈரெழுத்துக் குறியீடான NA அப்பட்டியலில் இருப்பதால், நாடுகளின் குறியீடுகள் உள்ள தரவில் நமீபியா மட்டும் காணாமல் போவது பலரும் அறிந்த சிக்கல். விடுபட்டவற்றைக் கண்டறியும் வடிகட்டியை அணைத்துவிட்டு அதே நேரத்தில் பட்டியலையும் கொடுத்தால், கொடுத்த பட்டியல் புறக்கணிக்கப்படும். தரவில் இல்லாத நெடுவரிசையின் பெயரில் பட்டியல் கொடுத்து, செய்தி ஏதும் வருகிறதா என்றும் பாருங்கள்.

சோதனைகளை நிலைப்படுத்துதல்

கையால் ஓட்டிய சோதனைகளை, கையேட்டின் விதி, கொடுத்த கட்டளை, எதிர்பார்த்த செய்தி, எதிர்பார்த்த சராசரியும் எண்ணிக்கையும், உண்மையில் வந்தவை என்ற ஒழுங்கில் எழுதி வையுங்கள். எதிர்பார்ப்பை ஓட்டுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். வந்த விடையைப் பார்த்த பிறகு எழுதினால் அதுவே சரி என்று மனம் ஏற்றுக்கொள்ளும். பிறகு அவற்றைத் தானாக ஓடும்படி மாற்றலாம். ஆர் மொழிக்கு 'டெஸ்ட்தட்', பைத்தானுக்கு 'பைடெஸ்ட்', பிஎஸ்பிபிக்கு க்னூ 'ஆட்டோடெஸ்ட்' ஆகியவை இதற்கு உதவுகின்றன. விடுபட்ட மதிப்பு வரும் இடங்களில் சமக்குறியிட்டு ஒப்பிட வேண்டாம்; எண் அல்லாததைக் குறிக்கும் மதிப்பு தன்னோடு தானே சமமாவதில்லை என்பது கணினி எண்களுக்கான ஐஇஇஇ 754 தரத்தின் விதி, ஆகவே அதற்கென உள்ள வினவும் செயற்கூற்றையே பயன்படுத்த வேண்டும்.

பிழைச் செய்தியின் சொற்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதா என்பது அடிக்கடி எழும் கேள்வி. மென்பொருளை உருவாக்கும் குழுவுக்குள் இருந்து எழுதும் சோதனை என்றால் முழுச் செய்தியையும் ஒப்பிடுவது தகும், ஏனெனில் செய்தி தற்செயலாக மாறுவதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். வெளியே இருந்து சோதிக்கிறவர் மாறியின் பெயரும் தவறான மதிப்பும் செய்தியில் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். இல்லாவிட்டால் ஒவ்வொரு புதிய பதிப்பிலும், மொழிபெயர்க்கப்பட்ட இடைமுகத்திலும், சோதனைகள் காரணமின்றித் தோற்கும்.

வழு ஒன்று உறுதியானால், அதைத் தெரிவிக்கும்போது ஒன்பது வரிசைத் தரவையும், வழுவைக் காட்டுவதற்கு வேண்டிய மிகக் குறைந்த கட்டளைகளையும், மென்பொருளின் பதிப்பு எண்ணையும், இயங்குதளத்தையும், எதிர்பார்த்த சராசரியையும் வந்த சராசரியையும் சேர்த்து அனுப்புங்கள். உண்மையான ஆய்வுத் தரவை இணைக்க வேண்டாம். அதில் பிறருடைய தனிப்பட்ட விவரங்கள் இருக்கும், மேலும் வழு எங்கே இருக்கிறது என்று தேடுகிறவருக்கு ஆயிரம் வரிசைகளைவிட ஒன்பதே எளிது. 'பழைய வரையறை 99. நான்கு மதிப்புகள் கொடுத்தபோது பிழைச் செய்தி வந்தது. ஆயினும் அதன்பின் சராசரி 56.25க்குப் பதிலாக 61' என்று எழுதினால், நிரலாளர் எந்த இடத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது அந்த ஒரே வாக்கியத்தில் தெரிந்துவிடும். வழு திருத்தப்பட்டதும் அதே சோதனையைத் தொகுப்பில் நிரந்தரமாகச் சேர்த்து, ஒவ்வொரு புதிய பதிப்பிலும் ஓட்டுங்கள்.